அன்பானவர்களுக்காக ஜெபிப்பது: வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழரைக்கு ஒரு சின்ன ஜெபக்கூட்டம் நடக்கிறது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை என்கிற புராட்டஸ்டன்ட் சபை) குடும்பங்கள்தான் அதிகம். சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் போகிற கத்தோலிக்கர்களும், வாடகை ஹாலில் ஆராதனை நடத்துகிற பெந்தெகொஸ்தே தம்பிகளும் வருவார்கள். பாதிப் பேருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி, நாகர்கோவில், தூத்துக்குடி. மீதிப் பேர் தாத்தா காலத்திலேயே கன்டோன்மென்ட் பக்கம் குடிவந்த தமிழர்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைக்கிறேன். நான் ஐயரம்மாவும், அதாவது பாஸ்டர் மனைவியும், இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வசனங்களை வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பான பழைய திருப்புதலில் இருந்தே சொல்கிறேன், எனக்கு அதுதான் வாயில் வருகிறது.

1. ஒருத்தருக்காக ஜெபம் பண்ணணும்னா எப்படி ஆரம்பிக்கணும்? எனக்கு பாஸ்டர் மாதிரி பேச வராதே அக்கா.

பேச வராதது நல்லதுதான். லாசரு படுத்த படுக்கையாகக் கிடந்தபோது அவன் சகோதரிகள் இயேசுவுக்கு ஆள் அனுப்பிச் சொன்னது ஒரே வரி: "ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்" (யோவான் 11:3). அதில் அடுக்குமொழி இல்லை. இப்படிச் செய்யும், அப்படிச் செய்யும் என்கிற யோசனைகூட இல்லை. ஆளைச் சொன்னார்கள், நிலைமையைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அதையே பின்பற்றுங்கள். பெயரைச் சொல்லுங்கள், என்ன கஷ்டம் என்று சொல்லுங்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று தோன்றுகிறதோ அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதிகம் பேசினால்தான் கேட்கப்படும் என்று நினைப்பதை மத்தேயு 6-இல் இயேசுவே கண்டித்திருக்கிறார். நம் கூட்டங்களில் சில ஜெபங்கள் ஓடுகிற நீளத்தைப் பார்த்தால் அந்த அதிகாரத்தை யாரும் வாசிப்பதில்லையோ என்று தோன்றும்.

2. தமிழ்லதான் ஜெபிக்கணுமா? பையனுக்கு நான் ஜெபிக்கிறதே புரிய மாட்டேங்குது.

உங்களுக்கு அழுகை எந்த மொழியில் வருமோ அந்த மொழியில் ஜெபியுங்கள். பையனை உட்காரவைத்து ஜெபிக்கும்போது இங்கிலீஷ் கலந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான் சட்டென்று வருகிறது. அதற்காக அவர்களைக் குறை சொல்ல வேண்டாம்.

3. ஜெபிக்க எங்கங்க நேரம்? சில்க் போர்டு தாண்டவே ஒரு மணி நேரம் ஆகுது.

அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.டி.சி. பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு பெயரைச் சொல்லலாம். "அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டு" என்று வசனம் இருக்கிறதே என்றால், அங்கே சொல்லப்படுவது பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக ஜெபிக்காதே என்பது. நெரிசலில் கண்ணைத் திறந்தபடி ஜெபிப்பவரை யாரும் கவனிக்கப்போவதில்லை.

4. எனக்கே நான் நடிக்கிற மாதிரி இருக்கு. உண்மையான விசுவாசம் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இந்தக் கேள்வியைக் கூச்சப்பட்டு, மற்றவர்கள் போன பிறகு, செருப்பு மாட்டிக்கொண்டே கேட்பார்கள். முதலில் ஒன்று: நடிப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் பெரும்பாலும் வருவதில்லை.

மாற்கு 9-இல் ஒரு தகப்பன் வருகிறார். மகனுக்கு சின்ன வயதிலிருந்தே வலிப்பு. தீயிலும் தண்ணீரிலும் விழுந்திருக்கிறான். சீஷர்களிடம் கொண்டுபோனார், அவர்களால் முடியவில்லை. நொந்துபோன மனுஷன் இயேசுவிடமே "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று இழுத்துத்தான் பேசுகிறார். கடைசியில் கண்ணீரோடு கத்துகிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே மூச்சில் இரண்டும் வருகிறது. இயேசு அவரை "போய் விசுவாசத்தைச் சரிபண்ணிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பவில்லை. அந்த அரைகுறை வாக்கியத்துக்கே பிள்ளை குணமானான். மகனுக்காகக் கேட்க வந்தவர் தனக்காகவும் கேட்டுவிட்டுப் போனார் என்பதையும் கவனியுங்கள். அடுத்தவருக்காக ஜெபிக்கிற பலருக்கும் இது நடக்கிறது.

உணர்ச்சியை அளவுகோலாக வைக்காதீர்கள். பாட்டு, கீபோர்டு, கூட்டம் எல்லாம் சேர்ந்தால் யாருக்கும் கண் கலங்கும். நான் பார்ப்பது வேறு: வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கு முதல் தேதி சம்பளம் போகிறதா, யாரும் பார்க்காதபோது அந்த ஜெபம் தொடர்கிறதா, கேட்டது கிடைக்காத வாரத்திலும் ஆண்டவரிடம் பேசுகிறீர்களா, கோபத்தோடாவது? இதற்கெல்லாம் "கொஞ்சம்" என்று பதில் வந்தாலே போதும்.

5. நாங்க பரம்பரைக் கிறிஸ்தவங்க. ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் ஆச்சு. இதுக்கு மேல என்ன?

இந்துவாகப் பிறந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட குளோரிந்தா அம்மாள் பாளையங்கோட்டையில் கட்டிய கோயில் 1785-ஐச் சேர்ந்தது. அந்த வழியில் வந்தவர்கள் என்று பெருமைப்படுவதில் தவறே இல்லை, எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் அந்த அம்மாள் அன்று எடுத்த முடிவை அவருக்குப் பின்வந்த ஒவ்வொருவரும் தனக்கென்று எடுத்துத்தான் ஆக வேண்டும். நிக்கொதேமு யூதருக்குள்ளே பெரிய போதகர். அவரிடம்தான் "மறுபடியும் பிறக்கவேண்டும்" என்று சொல்லப்பட்டது. முந்தின கேள்வியின் கடைசிப் பத்தியை இன்னொரு முறை வாசியுங்கள்.

6. என் மகன் ஒயிட்ஃபீல்டில் நல்ல வேலையில் இருக்கான். கோயிலுக்கு வர்றதில்ல, கடவுளே இல்லைங்கிறான். எத்தனை வருஷம் ஜெபிக்கிறது?

எங்கள் கூட்டத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பது பெரும்பாலும் அம்மாக்கள். அவர்களுக்கு நான் மோனிக்கா அம்மாவைப் பற்றிச் சொல்வேன். கத்தோலிக்கர்கள் ஆகஸ்ட் 27-இல் அவருக்கும், மறுநாள் அவர் மகன், பிற்காலத்தில் பெரிய இறையியலாளரான அகுஸ்தீனுக்கும் திருநாள் கொண்டாடுகிறார்கள். புராட்டஸ்டன்ட் வீடுகளில் மோனிக்காவைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை, அது நமக்கு நஷ்டம்.

அகுஸ்தீன் 354-இல் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். படிப்பில் சூரர். கல்யாணம் இல்லாமல் ஒரு பெண்ணோடு வாழ்ந்து ஒரு மகனும் பிறந்தான். அம்மாவின் விசுவாசத்தை விட்டு மனிக்கேயர் என்கிற வேறொரு மதக் கூட்டத்தில் சேர்ந்து ஏறக்குறைய ஒன்பது வருஷம் இருந்தார். மோனிக்கா ஒரு பிஷப்பிடம் போய் "என் மகனிடம் பேசிப் புத்தி சொல்லுங்கள்" என்று கெஞ்சினார். பிஷப் மறுத்துவிட்டார். அவனை அப்படியே விடு, அவனுக்காக வேண்டிக்கொள், படிக்கப் படிக்க அவனே தெரிந்துகொள்வான் என்றார். அந்த பிஷப்பே சிறு வயதில் மனிக்கேயர்களிடம் வளர்ந்தவர். அம்மா விடாமல் அழ, இவ்வளவு கண்ணீரின் பிள்ளை கெட்டுப்போக முடியாது என்று கொஞ்சம் எரிச்சலோடேயே சொல்லி அனுப்பினார்.

அப்புறம்தான் முக்கியமான இடம். அகுஸ்தீன் கார்த்தேஜிலிருந்து ரோமாபுரிக்குக் கப்பலேறத் தீர்மானித்தார். அம்மா விடவில்லை. நண்பனை வழியனுப்பிவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, கப்பலுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஜெப இடத்தில் அம்மா ராத்திரி முழுக்க மகன் போகக் கூடாது என்று அழுதுகொண்டிருக்க, அவர் கப்பலேறிவிட்டார். அந்த ராத்திரி கேட்டது கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பயணம்தான் அவரை மிலான் நகரத்துக்கும் அம்புரோசு பிஷப்பிடமும் கொண்டு சேர்த்தது. 387 ஈஸ்டரில் ஞானஸ்நானம் பெற்றார். அதே வருஷம் மோனிக்கா இறந்தார், பார்த்துவிட்டுத்தான். உங்கள் மகனுக்கும் இப்படியே நடக்கும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் அவன் நம்மை விட்டு விலகிப் போகிற வழியே ஆண்டவரை விட்டு விலகுகிற வழி என்று நாமாக முடிவுகட்ட வேண்டாம்.

7. அவன்கிட்ட "உனக்காக ஜெபிக்கிறேன்"னு சொல்லலாமா?

எந்தக் குரலில் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இன்டர்வியூவுக்குப் போகிற அன்று சொன்னால் அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும். சண்டை முடிவில் சொன்னால் அது சாபம் மாதிரி கேட்கும். காலை ஐந்து மணிக்கு ரோஜாப்பூ படத்தோடு வசனம் அனுப்புவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பிள்ளைகள் அம்மாவின் எண்ணையே மியூட் செய்து வைத்திருக்கிறார்கள், அம்மாவுக்குத்தான் தெரியாது.

விசுவாசிக்காத கணவனைப் பற்றி 1 பேதுரு 3 பேசும்போது "போதனையின்றி" நடக்கையினால் ஆதாயப்படுத்தலாம் என்கிறது. பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். அவன் வந்தால் மீன்குழம்பு வையுங்கள், அவன் வேலையைப் பற்றிக் கேளுங்கள். அவன் ஏன் நம்புவதில்லை என்று அவனே சொல்ல வந்தால் இடைமறிக்காமல் கேளுங்கள். சில பிள்ளைகள் கோயிலில் பார்த்த சாதியையும், கமிட்டிச் சண்டையையும் சொல்வார்கள். அதற்கு நம்மிடம் பதில் இருக்கிறதா என்று யோசிக்க வேண்டியது நாம்.

8. அப்போஸ்தலர் 16:31 வாக்குத்தத்தம்தானே? "நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவீர்கள்". அப்போ எல்லாரும் கண்டிப்பா வந்துடுவாங்கல்ல?

வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையில் இந்த வசனம் வந்தால் அம்மாக்கள் அதை ஃபிரேம் போடாத குறைதான். இது பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனுக்கு பவுலும் சீலாவும் சொன்னது. அடுத்த வசனங்களையும் வாசியுங்கள்: அவன் வீட்டிலிருந்த எல்லாருக்கும் வசனத்தைப் போதித்தார்கள், பிறகு வீட்டார் அனைவரும் விசுவாசித்தார்கள். அவனுடைய விசுவாசத்தில் மற்றவர்கள் தூங்கிக்கொண்டே உள்ளே போய்விடவில்லை.

இயேசுவின் வீட்டையே பாருங்கள். அவருடைய சகோதரரும் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. பிறகு அந்தச் சகோதரரில் ஒருவரான யாக்கோபு எருசலேம் சபைக்கே தூணாக நின்றார். ஆகவே நம்பிக்கையோடு கேளுங்கள், ஆனால் வசனத்தை பத்திரம்போல நீட்டி ஆண்டவரிடம் வழக்காட வேண்டாம்.

9. நாங்க உபவாசம் இருந்து ஜெபிச்சும் அவர் போயிட்டார். விசுவாசம் பத்தலைன்னு சொல்றாங்க.

அப்படிச் சொன்னவர்கள் வேதத்தை முழுதாக வாசிக்கவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து விழுந்த ஐத்திகு பிழைத்தெழுந்தது பவுலின் கையால்தான். அதே பவுல் பிறகு, "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). கூடவே ஊழியம் செய்த ஆளை வியாதியோடு விட்டுவர வேண்டியிருந்தது. தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டார், போகவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்கிற பதில்தான் வந்தது. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் இயேசு கேட்டதும் அந்தத் துன்பப் பாத்திரம் நீங்க வேண்டும் என்றுதான். அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாராவது சொல்வார்களா?

ஓசூர் ரோடு கிட்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியோடு வந்தவர்கள் பாயை விரித்து, தலைமாட்டில் ஸ்கேன் கவரையும் அதன்மேல் ஜெபமாலையையோ வேதாகமத்தையோ வைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். அவர்களில் சிலர் ஆளோடு வீடு திரும்புகிறார்கள், சிலர் ஆளில்லாமல். ஜெபத்தின் அளவை வைத்து இந்த இரண்டு வரிசையையும் பிரிக்க என்னால் முடியாது, யாராலும் முடியாது.

துக்க வீட்டில் விளக்கம் சொல்லாதீர்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று சங்கீதம் 13 தொடங்குகிறது. அதைச் சொல்ல இடம் கொடுங்கள். கோபப்பட்டாலும் ஆண்டவரிடம்தானே கோபப்படுகிறார்கள்.

10. மாத்திரை எடுத்தா அவிசுவாசமா? என் தங்கச்சிக்கு டிப்ரஷன், ஒரு ஊழியக்காரர் மருந்தை நிறுத்தச் சொல்லிட்டார்.

நிறுத்தக் கூடாது. டாக்டரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது ஜெபித்தார், பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்கும் கொடுத்தார். அதற்கப்புறமும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையை எடுத்துப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38:21). லூக்கா வைத்தியர். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் சிபாரிசு செய்தது கொஞ்சம் திராட்சரசம்.

மனநலத்துக்கென்றே நிம்ஹான்ஸ் இதே ஊரில் இருக்கிறது. நாடு முழுவதிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். நாம் ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு வெட்கப்படுகிறோம். தங்கச்சியைக் கூட்டிப் போங்கள். டோக்கன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது ஜெபியுங்கள்.

11. ஜெபக் குறிப்பு கொடுத்தா ஊரெல்லாம் தெரிஞ்சு போகுதே?

உண்மைதான். "இன்னாருடைய மகளுக்காக விசேஷமாக ஜெபிப்போம், என்னவென்று கேட்காதீர்கள்" என்று ஒருவர் வாட்ஸாப் குழுவில் போட்டால் போதும், சாயங்காலத்துக்குள் ஃப்ரேசர் டவுன் வரை செய்தி போய்விடும். புறங்கூறுதலுக்கு ஜெபம் என்று பெயர் வைத்தால் அது ஜெபம் ஆகிவிடாது.

எங்கள் கூட்டத்து வழக்கம்: சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் பெயர் கூடாது. கர்ப்பம், கடன், கல்யாணப் பிரச்சினை, குடி இவற்றை குழுவில் எழுதக் கூடாது. "ஒரு குடும்பம்" என்றாலே போதும், ஆண்டவருக்கு விலாசம் தெரியும். முதல் கேள்வியில் பெயரைச் சொல்லச் சொன்னது உங்கள் தனி ஜெபத்தில்.

12. விசேஷ ஜெபத்துக்குக் காணிக்கை கேக்குறாங்க. கொடுக்கலாமா?

தொகை குறித்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பரிசுத்த ஆவியின் வரத்துக்குப் பணம் நீட்டிய சீமோனிடம் பேதுரு "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது" என்றார். வாங்குகிறவர்களுக்கும் அதே பதில்தான்.

கத்தோலிக்கர் பூசைக் கருத்துக்கு, அதாவது தங்கள் வேண்டுதலுக்காகப் பூசை வைக்க, கொடுப்பதையும் இதோடு சேர்க்கலாமா என்று கேட்கிறார்கள். சேர்க்க வேண்டாம். அது காணிக்கை, விலை இல்லை. ஏழைகள் கொடுக்க முடியாவிட்டாலும் அவர்கள் கருத்துக்காகப் பூசை வைக்கும்படி அவர்கள் திருச்சபைச் சட்டமே குருக்களுக்கு வலியுறுத்துகிறது.

13. என் வீட்டுக்காரர் இந்து. அவருக்காக ஜெபிக்கிறது அவரை மதம் மாத்துற முயற்சின்னு மாமியார் நினைக்கிறாங்க.

அவர் உடம்புக்காக, வேலைக்காக, நிம்மதிக்காக ஜெபியுங்கள், அதை மறைக்கவும் வேண்டாம். விவேக்நகர் குழந்தை இயேசு கோயிலில் வியாழக்கிழமை நிற்கிறவர்களில் எத்தனை பேர் கிறிஸ்தவர்கள்? பொட்டு வைத்த அம்மாக்கள்தான் முன்வரிசையில் மெழுகுவர்த்தியோடு நிற்பார்கள். ஒருவருக்கு ஒருவர் வேண்டிக்கொள்வது இந்த ஊரில் புதிதில்லை. விசுவாசியாத கணவன் சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவனைத் தள்ளிவிடாதே என்று 1 கொரிந்தியர் 7 சொல்கிறது.

அவரும் கிறிஸ்துவை அறிய வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருக்கும். அதையும் ஆண்டவரிடம் சொல்லுங்கள். ஆனால் சாப்பாட்டு மேஜையில் அதை நிபந்தனையாக்காதீர்கள். ஏழாம் கேள்வியில் சொன்னதே இங்கும்.

14. வீட்டுக்காரர் குடிச்சிட்டு அடிக்கிறார். பொறுமையா ஜெபிச்சா மாறுவார்னு சபையில சொல்றாங்க.

முதலில் பத்திரமான இடத்துக்குப் போங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பெண்களுக்கான உதவி எண் 181, அவசரத்துக்கு 112. குடும்ப வன்முறைக்கு எதிராக 2005-ஆம் வருஷத்திலிருந்தே சட்டம் இருக்கிறது. அம்மா வீட்டிலிருந்தும் அவருக்காக ஜெபிக்கலாம், தூரத்தால் ஜெபம் குறையாது. சவுல் ஈட்டியை எறிந்தபோது தாவீது விலகி ஓடித் தப்பித்தார். அதை யாரும் அவிசுவாசம் என்று பிரசங்கிப்பதில்லை. பொறுத்துப்போ என்று பெண்ணிடம் சொல்கிற மூப்பர்கள், அந்த ஆளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்களா என்றும் கேளுங்கள்.

15. இறந்துபோன அப்பாவுக்காக ஜெபிக்கலாமா?

இங்கே சபைகள் பிரிகின்றன. கத்தோலிக்கர்கள் ஜெபிக்கிறார்கள், அவர்கள் வேதாகமத்தில் உள்ள மக்கபேயர் இரண்டாம் நூலில் அதற்கு ஆதாரம் இருக்கிறது. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் அந்த நூல் இல்லை. இறந்தவர் ஆண்டவர் கையில் இருக்கிறார், நாம் நன்றி சொல்வோம் என்பது நம் பக்கத்து வழக்கம். இறந்தவர்களை நினைக்கிற நாளான நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள்: புல்லைப் பிடுங்கி, கல்லைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு, காற்றில் அணைகிற மெழுகுவர்த்தியை மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். சி.எஸ்.ஐ. குடும்பங்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அப்பாவைப் பற்றி ஆண்டவரிடம் பேச வேண்டும்போல் இருந்தால் பேசுங்கள். எந்தச் சபையும் அதைத் தடுக்கவில்லை.

16. சொத்துக்காக எங்களை ஏமாத்தின அண்ணனுக்காகவும் ஜெபிக்கணுமா? மனசே வரலை.

மனசு வராமலே ஆரம்பிக்கலாம். "ஆண்டவரே, இவன் பெயரைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை" என்பதே ஒரு தொடக்கம். சத்துருக்களைச் சிநேகியுங்கள், உங்களைத் துன்பப்படுத்துகிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள் என்றுதான் கட்டளை. அந்தச் சிநேகத்துக்கு முதலில் பாசம் பொங்க வேண்டும் என்று சொல்லப்படவில்லை. பங்குக்கு வக்கீலைப் பார்ப்பதும் தவறில்லை. கேஸும் நடக்கட்டும், ஜெபமும் நடக்கட்டும். ஆனால் "அவனுக்குப் புத்தி வரணும்" என்பதையே தினமும் கேட்டுக்கொண்டிருந்தால், நடுவில் ஒரு நாளாவது அவன் பிள்ளைகளின் பரீட்சைக்காகக் கேட்டுப் பாருங்கள்.

17. ஜெபிச்சு ஜெபிச்சு வெறுத்துப்போச்சு அக்கா. கொஞ்ச நாள் நிறுத்திக்கவா?

நிறுத்திக்கொள்ளுங்கள். வார்த்தை வராத நேரத்துக்கென்றே ரோமர் 8:26 இருக்கிறது: ஆவியானவர் "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" நமக்காக வேண்டுதல் செய்கிறார். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனை நாலு பேர் தூக்கி வந்து கூரையைப் பிரித்து இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" பேசினார் என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் வாய் திறந்ததாகவே இல்லை.

பெயரை மட்டும் எங்களிடம் கொடுத்துவிடுங்கள், பதினோராம் கேள்வியில் சொன்ன நிபந்தனையோடுதான். நீங்கள் வெள்ளிக்கிழமை வராவிட்டாலும் பரவாயில்லை. வந்தால் டீ இருக்கும், ஜெபிக்கச் சொல்லி யாரும் கேட்க மாட்டோம்.